விலை கொடுக்காத காது

வலம்புரி நாட்டில் கதைகள் சங்குகளுக்குள் இருந்தன. அரண்மனைக் கடையில் சங்கை வாங்கிக் காதில் வைத்தால் கதை கேட்கும். வேறு வழியில் கதை கேட்க முடியாது. கதை சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோரையும் அரண்மனை சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

படகோட்டி பூரணி ஒரு சங்கு வாங்கினாள். அவள் கணவன் வேலப்பன் கீழே விழுந்து இடுப்பு முறிந்து படுக்கையில் கிடந்தான். சுவரைப் பார்த்துப் பார்த்தே அவனுக்குப் புத்தி பேதலித்துவிடும் என்று பயந்தாள். தலையோடு தலை சாய்த்து, சங்கை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் கேட்டார்கள். நரி நீதிபதியான கதை. பாதி கேட்டுவிட்டு, மீதியை மறுநாளுக்கு வைத்தார்கள். விழுந்த நாளுக்குப் பிறகு வேலப்பன் அன்றுதான் சிரித்தான்.

ஒரு சங்குக்கு இரண்டு பேர் சிரித்ததாகச் செவித்துறைக்குத் தகவல் போயிற்று. அமைச்சர் கர்ணாமிர்தர் சட்டம் இயற்றினார்: ‘விலை கொடுத்தவர் தவிர எவரும் கேட்கக் கூடாது.’

வீட்டில் மற்றவர்கள் காதில் மெழுகு அடைத்துக்கொள்ள வேண்டும் என்றது அடுத்த ஆணை. மெழுகும் அரண்மனைக் கடையில்தான் கிடைத்தது. பிள்ளை அழுதது தாய்க்குக் கேட்கவில்லை. மேலத் தெருவில் தீப்பிடித்தபோது போட்ட கூச்சல் கீழத் தெருவுக்குக் கேட்கவில்லை. சட்டம் சிறப்பாகச் செயல்படுவதாக அமைச்சர் அறிவித்தார்.

வேலப்பன் மெழுகைப் பிடுங்கி எறிந்தான். “அந்த நரி என்னதான்டி ஆச்சு?”

“சொன்னா உள்ள தூக்கிப் போட்ருவாங்க.”

“சொல்லலேன்னா என்னைய வெளிய தூக்கிட்டுப் போவாங்க, பரவால்லையா?”

சொன்னாள். காவலர்கள் அவளைச் சபைக்கு இழுத்துப் போனார்கள்.

“நாம் உனக்கு விற்றது சங்கை மட்டுமே,” என்றார் கர்ணாமிர்தர். “கதைக்கு உன் காதுகளை மட்டும் அனுமதித்தோம்.”

“நான் வாங்குன அரிசியில அவருக்குச் சோறு போடுறேனே, அதுவும் குத்தமாங்க?”

“சோறு கொடுத்தால் குறையும். கதை குறையாது. அதனால்தான் ஆபத்து. தீர்ப்பைக் கேள். உன் கணவனின் காதுகளில் ஈயத்தைக் காய்ச்சி...”

பூரணி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

“கேக்க மாட்டேன் சாமி! வெல குடுத்தவங்க தவிர யாரும் கேக்கக் கூடாது. ஒங்க தீர்ப்புக்கு நான் காசு குடுக்கலியே.”

சபையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் காசு கொடுத்திருக்கவில்லை. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். தீர்ப்பை நிறைவேற்ற வேண்டிய காவலர்களும் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொத்தினார்கள். பூரணி வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் வரிக்கு முரசறைந்தபோது நாடே காதைப் பொத்தியது. போருக்கு ஆள் கூப்பிட்டபோதும் பொத்தியது. மன்னர் சொல்லைக் கேட்பது குற்றமாகிவிட்டது. மக்களோ சட்டத்துக்குப் பயந்தவர்கள்.

வேறு வழியின்றி அமைச்சர் சட்டத்தைத் திருத்தி, தெருச் சுவர்களில் எழுதி ஒட்டினார்: ‘அரசாணையை மட்டும் எவரும் எவருக்கும் விலையின்றிச் சொல்லலாம். தடுப்பவர் தலை துண்டிக்கப்படும்.’

பூரணி புதிய சங்கு ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு வேலப்பன் அருகில் உட்கார்ந்தாள். அண்டை அயலார் வந்து சூழ்ந்தார்கள். உளவுக்கு வந்த காவலன் வாசலை மறித்து நின்றான். அவள் குரலை உயர்த்தினாள்.

“இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஒரு நாட்டில் ஒரு கழுதைக்கு முடிசூட்டினார்கள்.”

காவலன் விறைப்பாக நின்று வணக்கம் வைத்தான். பிறகு மெல்லக் கேட்டான்:

“அப்புறம்க்கா?”