உன் கித்தாருக்குத் தடித்த கம்பி மாட்டிய விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ இரவல் கொடுத்த பேஸ் கித்தாரும் சௌக்கியம். அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மகள், குழாய் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, கித்தார் வாசிக்கும் பேத்தி. வேறு யாராவது தானும் இருந்ததாகச் சொன்னால் நம்பாதே.

பேத்தியின் குழுவில் பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டி, குரல் கிணற்றுக்குள் போய்விட்டது. சனிக்கிழமை கச்சேரி. எல்லாப் பாட்டுக்கும் சுருதியை இறக்கினார்கள். இறக்கியதும் உன் கித்தாரின் கம்பிகள் பாவாடை நாடா மாதிரி தொளதொளவென்று ஆடின. தடித்த கம்பிதான் போட வேண்டும் என்றாள் பேத்தி. "ஒரு கீறல் விழுந்தாலும் உன் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்று நீ சொன்னது எனக்கு மறக்குமா? சொன்னபோது நீ போட்டிருந்த சட்டையின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது.

இந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை ஸ்பானரோடு வந்து நின்றார். நான் சட்டென்று கித்தாரை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். கல்யாணமான புதிதில் என் சமையலறைக் குழாயை இறுக்குகிறேன் என்று முறித்து, சம்பந்தியம்மா கண் முன்னால் என்னைத் தொப்பலாக நனைத்தவர் அவர்.

பேத்தி கெட்டிக்காரி. ஒரு கம்பியைக் கழற்றி, புதியதை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டாள். மொத்தமாகக் கழற்றினால் கித்தாரின் கழுத்துக்கு ஆகாதாம். கம்பி உட்காரும் பள்ளம் குறுகலாக இருக்கிறது என்று மாப்பிள்ளை அரத்தைத் தூக்கினார்.

"ஐயோ அப்பா, பள்ளத்துக்கு ஏத்த கம்பியாப் பாத்துத்தான் வாங்கியிருக்கேன். கீழ வைங்க!"

வைத்தார். ஆனால் நாங்கள் அசந்த நேரத்தில், குழாய் மரைக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்து முறுக்காணியில் சுற்றிவிட்டார்.

"கம்பி நழுவாதுல்ல?"

"ஏங்க, இதுல தண்ணியா ஒழுகப் போவுது?" என்றாள் என் மகள். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

புதுக் கம்பிகளின் இழுப்பில் கழுத்து லேசாக முன்னால் வளைந்தது. உள்ளே ஓர் இரும்புத் தண்டு ஓடுகிறதாம், சாவி போட்டுத் திருகினால் நிமிருமாம். பேத்தி கைக்கு அது அசையவில்லை. வேறு வழியில்லாமல் சாவி மாப்பிள்ளை கைக்குப் போனது. நான் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கால் சுத்துதான் மாப்பிள்ளை. அதுக்கு மேல போச்சுன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"அத்தே, நீங்க புடிச்சிருக்கிற புடியில கால் சுத்தே வராது போல!"

தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோலத் திருகினார். கழுத்து நிமிர்ந்தது. பேத்தி ஒரு தட்டுத் தட்டினாள் பார், அலமாரியில் டம்ளரெல்லாம் அதிர்ந்தது! மகள் ஈரக் கையோடு ஆடினாள், மாப்பிள்ளை ஸ்பானரோடு ஆடினார், நானும் கொஞ்சம் ஆடினேன். குழாய் விஷயத்தை அங்கேயே மன்னித்துவிட்டேன்.

கீறல் ஒன்றும் இல்லை, சனிக்கிழமை தைரியமாக வா. உன் காதும் கைகாலும் நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: பேத்தி இப்போதுதான் வந்து சொல்கிறாள். பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை திறந்துகொண்டு மேல்ஸ்தாயியில் பிளிறுகிறாளாம். பாட்டெல்லாம் பழைய சுருதிக்கே போகிறதாம். புதுக் கம்பியை அவ்வளவு உயரத்துக்கு இறுக்கினால் உன் கித்தார் தாங்காதாம். மறுபடியும் பழைய கம்பி, மறுபடியும் சாவி, மறுபடியும் மாப்பிள்ளை. கூப்பிடுவதற்குள் வந்து நிற்கிறார். அவரை மன்னித்தது மன்னித்ததுதான். அந்தப் பெண்ணையும் போனால் போகிறது என்று விட்டுவிடுவேன். கச்சேரி முடிகிற வரைக்கும் பொறுக்காமல் அவளுக்கு மருந்து கொடுத்தானே அந்தத் தொண்டை டாக்டர், அவனை மட்டும் என் ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன்.