மேனுவல் சார் மேனுவலை மூடிய நாள்

பெட்டியைப் பிரித்தவுடன் பிளக்கைத் தேடாத மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் எங்கள் தெருவில், நான்காவது வீட்டில் குடியிருந்தார். சொந்தப் பெயர் என்னவோ ஒன்று இருந்தது. ரேஷன் கார்டுக்கும் கேஸ் புக்குக்கும் தவிர அது யாருக்கும் தேவைப்படவில்லை. எங்களுக்கு அவர் மேனுவல் சார்.

தெருவில் யார் வீட்டுக்கு என்ன பொருள் வந்தாலும், கூடவே வரும் மேனுவல் என்ற அந்தச் சின்னப் புத்தகத்தை அவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து முடிக்கும்வரை ஸ்விட்சைத் தொடக் கூடாது. மனசுக்குள் படிக்க மாட்டார். வாய்விட்டு, ஒவ்வொரு வரிக்கும் சிவப்புப் பென்சிலால் டிக் அடித்து, இங்கிலீஷில் இருப்பதை அங்கேயே தமிழாக்கி, "புரிஞ்சுதா?" என்று கேட்பார். "புரிஞ்சுது சார்" என்றால்தான் அடுத்த வரி. எதிர்வீட்டுக்கு வெட் கிரைண்டர் வந்த அன்று, அவர் முடிப்பதற்குள் ஊறப்போட்ட உளுந்து நாற்றமெடுத்து, அந்த வீட்டில் ராத்திரிக்கு உப்புமா கிண்டினார்கள்.

அவரைக் கேலி பண்ணாதவர் இல்லை. மூலை வீட்டுக்காரர், "அந்த ஆளைக் கூப்பிட்டா அடுத்த தீபாவளிக்குத்தான் துணி துவைக்க முடியும்" என்று சொல்லி, வாஷிங் மெஷினைத் தானே மாட்டினார். அது திங்குதிங்கென்று குதித்து பாத்ரூமிலிருந்து கிளம்பி ஹாலுக்கே வந்துவிட்டது. லாரியில் வரும்போது உள்ளே இருக்கும் டிரம் ஆடாமலிருக்க நாலு போல்ட் போட்டிருப்பார்களாம். முதலில் அதைக் கழற்ற வேண்டும் என்று மூன்றாம் பக்கத்தில் இருந்ததாம். மேனுவல் சார் போய்ப் பார்த்தார், மூன்றாம் பக்கத்தில் ஒரு டிக் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இப்பேர்ப்பட்டவரிடம் நான் மாட்டிக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

என் மாமனார் காலமாகி அப்போது ஒரு வருஷம் முடிந்திருந்தது. அத்தையைத் தனியாக விட மனசில்லாமல், ஹைதராபாத்தில் இருக்கும் மைத்துனன் தன்னோடு வந்துவிடச் சொன்னான். அஸ்தினாபுரம் வீட்டைக் காலி செய்யும்போது, மாமாவின் பூஜை அலமாரியில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்த ஒரு டிஸ்க் அகப்பட்டது. எங்கள் கல்யாண வீடியோ. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வீடியோக்காரர், "இது ப்ளூ-ரே சார், டிவிடியைவிட ஆறு மடங்கு துல்லியம், எதிர்காலமே இதுதான்" என்று மாமாவிடம் கொடுத்தது. எதிர்காலம் வேறு பக்கம் போய்விட்டது. எங்களுக்குத் தந்த டிவிடி கீறல் விழுந்து எப்போதோ செத்துப்போனது. வீடியோக்காரரைத் தேடிப் போனால் அந்த இடத்தில் பிரியாணிக் கடை இருந்தது.

மாமா போட்டோவுக்கே நிற்க மாட்டார். போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ்கூட அனுப்பியவர் இல்லை. அந்த மனிதரின் குரல் இந்த உலகத்தில் மிச்சமிருந்தால், அந்த ஒரு டிஸ்க்கில்தான்.

"ரிசப்ஷன்ல மைக்கைப் பிடிச்சு ஒரு நிமிஷம் பேசினாரே" என்றார் அத்தை. "ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன் மாப்பிள்ளை."

என் மனைவி சுமதி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மறுபேச்சு கிடையாது. ஞாயிறு சாயங்காலம் ஆறே முக்காலுக்குத் தாம்பரத்தில் அத்தைக்கு ரயில். காலையில் நான் ப்ளூ-ரே பிளேயர் தேடிக் கிளம்பினேன். வாசலில் மேனுவல் சார் செருப்பு மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். யார் சொன்னார்களோ தெரியாது.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் மூன்று கடையில் சிரித்தே அனுப்பினார்கள். நாலாவது கடைப் பையன் தலையைச் சொறிந்தான். "இன்னா சார், எல்லாம் போன்லயே கீது, நீ பிளேயர் கேக்குற? குடோன்ல ரெண்டு பீஸ் கீதான்னு பாக்குறேன், இரு."

இருந்தது. ஒன்று சீல் உடையாத புதுப் பெட்டி. இன்னொன்று ஷோகேஸில் வைத்துத் தூசு படிந்தது. மேனுவல் சார் புதுப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி உள்ளே கையை விட்டுத் துழாவினார். மேனுவல் இல்லை. தூசு பிடித்ததில் இருந்தது.

"இதையே எடுத்துக்குங்க" என்றார்.

"சார், அது புதுசு! இது ஷோகேஸ் பீஸ்!"

"செட் இல்லாம மேனுவல் மட்டும் இருந்தா உட்கார்ந்து படிக்கவாவது செய்யலாம். மேனுவல் இல்லாத செட்டை வெச்சிக்கிட்டு என்ன பண்ணுவீங்க?"

கடைப் பையன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். தூசு பிடித்ததைத்தான் வாங்கி வந்தேன்.

மூன்று மணிக்கு ஹாலில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் அத்தையின் மூன்று பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. அத்தை வழக்கப்படி புது பிளேயருக்குச் சந்தனம் குங்குமம் வைக்க வந்தார். அவர்கள் வீட்டில் ஸ்கூட்டரானாலும் சரி, குக்கரானாலும் சரி, பொட்டு வைக்காமல் எதுவும் ஓடாது.

"எங்க வேணா வைங்கம்மா, காத்து போற ஓட்டையை மட்டும் விட்டுடுங்க. பக்கம் ரெண்டு" என்றார் சார்.

படிப்பு ஆரம்பமானது.

"குளியல் தொட்டிக்குப் பக்கத்துல வைக்கக் கூடாது. உங்க வீட்ல குளியல் தொட்டி இருக்கா?"

"பக்கெட்தான் சார் இருக்கு."

"எவ்வளவு தூரம்?"

"சார், அது பாத்ரூம்ல இருக்கு!"

"அதான், எவ்வளவு தூரம்?"

நான் எழுந்து போய் அடியெண்ணிவிட்டு வந்தேன். பதினாலு. டிக் அடித்தார். மூன்றே முக்காலுக்கு ஒன்பதாம் பக்கத்தில் இருந்தோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "சார், ஒரு வயரை டிவியில சொருகணும், அவ்வளவுதானே!" என்று கத்தினேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "கோபம் வந்தா தப்பான ஓட்டையில சொருகுவீங்க" என்று சொல்லிவிட்டுப் பத்தாம் பக்கத்தைத் திருப்பினார். சுமதி என் தொடையைக் கிள்ளி உட்கார வைத்தாள்.

ஐந்து மணிக்கு வயர் மாட்டினோம். டிவியில் நீல வெளிச்சம் வந்தது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுமதி மஞ்சள் துணியைப் பிரித்து டிஸ்க்கை எடுத்துத் தட்டில் வைத்தாள். தட்டு உள்ளே போயிற்று. உறுமியது. நின்றது. மறுபடி உறுமியது. திரையில் இங்கிலீஷில் ஒரு வரி வந்தது: டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை.

அத்தை இங்கிலீஷ் தெரியாதவர். ஆனால் எங்கள் முகத்தைப் படித்துவிட்டார்.

மேனுவல் சார் டிஸ்க்கை வெளியே எடுத்து, விளிம்பை மட்டும் பிடித்து, டார்ச் அடித்துப் பார்த்தார். பளபளக்கும் அடிப்பக்கத்தில், நடு ஓட்டைக்குப் பக்கத்தில், சந்தனமும் குங்குமமும் கல்லாகக் காய்ந்து ஒட்டியிருந்தன.

"யாரு வெச்சது?"

"அவருதான்" என்றார் அத்தை. குரல் உள்ளே போய்விட்டது. "டிஸ்க்கு வந்த அன்னிக்கு. மேல் பக்கம் வெச்சா பேரு அழிஞ்சிடும்னு கீழ வெச்சாரு. அவரு கட்டைவிரலாலதான் வெப்பாரு."

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் அந்தச் சந்தனத்தில் கைரேகை கோடுகோடாகத் தெரிந்தது. சுமதி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். குரல் வேண்டுமென்றால் ரேகையைத் துடைக்க வேண்டும். துடைத்தும் குரல் வராமல் போனால் இரண்டும் போச்சு.

சார் முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பினார். "டிஸ்க் அழுக்காக இருந்தால், மெல்லிய காய்ந்த துணியால் நடுவிலிருந்து விளிம்பு வரை நேராகத் துடைக்கவும். தண்ணீர், தின்னர், ஸ்பிரே எதையும் பயன்படுத்த வேண்டாம்." படித்தார். மறுபடி படித்தார். மூன்றாம் முறை படித்தார். டிக் அடிக்கவில்லை.

"என்ன சார்?"

"காய்ந்த துணியால தேய்ச்சா குங்குமம் உப்புத்தாள் மாதிரி இழுத்துடும் சார். டிவிடியில ஒரு சின்னக் கீறல்னா தப்பிச்சிக்கும். இதுல படம் மேலாகவே இருக்கு. ஒரு கோடு விழுந்தா போச்சு. தண்ணி கூடாதுன்னு போட்டிருக்கான்..." பென்சில் முனையை அந்த வரியிலேயே வைத்திருந்தார். "குங்குமத்தைப் பத்தி இவன் ஒண்ணுமே போடலையே."

மணி ஐந்து இருபது. அந்த மனிதருக்கு வழி தெரியாமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவரை அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய், எனக்குப் பயம் வந்துவிட்டது.

"தொடைங்க" என்றார் அத்தை. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். "கைரேகையை வெச்சிக்கிட்டு நான் யார்கிட்ட பேசுறது? தொடைங்க தம்பி. ஆனது ஆகட்டும்."

மேனுவல் சார் மேனுவலை மூடினார்.

தெருவில் யாரும் கண்டிராத காட்சி அது. மூடி, கீழே வைத்து, அதன்மேல் பென்சிலையும் வைத்தார். "கொதிக்க வெச்சு ஆறின தண்ணி கொஞ்சம், ஸ்பூன்ல. இந்த வீட்டுலயே ரொம்ப மெத்துன்னு இருக்கிற துணி எது?"

"இவரோட பனியன்" என்றாள் சுமதி ஒரு நொடிகூட யோசிக்காமல். எட்டு வருஷமாக அவள் குப்பையில் போடப் பார்க்கும், முதுகில் ஏழு ஓட்டை விழுந்த, என் உயிருக்கு உயிரான பனியன். சார் அதை வாங்கிக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துத் தலையாட்டினார். கிழித்தார்.

சொட்டு சொட்டாகத் தண்ணீரை அந்தப் பொட்டின்மேல் மட்டும் விட்டார். "பத்து நிமிஷம். யாரும் தொடக் கூடாது."

அந்தப் பத்து நிமிஷத்தில் கார் வந்துவிட்டது. டிரைவர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: "சார், இன்னும் எவ்ளோ நேரம்? கேம்ப் ரோடு ஜாமாகி கீது. டிரெய்ன வுட்டுட்டு என்னைக் கேக்கக் கூடாது!" நான் வெளியே போய்க் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஐந்து நாற்பதுக்கு மேனுவல் சார் குனிந்தார். அழுத்தவில்லை. பனியன் நுனியால் ஒற்றினார், ஒற்றினார். சிவப்பும் மஞ்சளுமாகத் துணியில் ஏறியது. பிறகு நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக ஓர் இழுப்பு. காய்ந்த பக்கத்தால் இன்னொன்று. அவர் நெற்றி வியர்வை டிஸ்க்கில் விழாமலிருக்க நான் பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

தட்டு உள்ளே போயிற்று. உறுமியது. நின்றது. சார் கண்ணை மூடிக்கொண்டார்.

நாதஸ்வரம்! திரை முழுக்க ரோஜாப்பூ பறந்தது. இதய வடிவத்துக்குள் மீசையோடு நான் இளித்துக்கொண்டிருந்தேன். "ரிசப்ஷனுக்குப் போங்க, ரிசப்ஷனுக்கு!" என்று சுமதி அலறினாள். ரிமோட் பட்டன் எது என்று சாருக்குத்தான் தெரியும். பத்தொன்பதாம் பக்கம்.

மேடையில் மாமா. பட்டு வேட்டி, மைக்கை ஐஸ்கிரீம் மாதிரி பிடித்திருந்தார். "எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப சந்தோஷம். சாப்பிடாம யாரும் போகக் கூடாது. பாயசம் நிறைய இருக்கு." அவ்வளவுதான் பேச்சு. மைக்கை இறக்கினார். அணைக்க மறந்திருக்கிறார். பக்கத்தில் திரும்பி அவர் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது: "ஏ கமலா, காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கியே. கால் வலிக்கும், போய் உட்காரு."

அதுவரை டிவிக்கு முன்னால் நின்றுகொண்டே பார்த்த அத்தை, "இதோ, உட்கார்றேங்க" என்றார். சோபாவில் உட்கார்ந்தார். அப்புறம்தான் அழுதார்.

சுமதி அத்தையைக் கட்டிக்கொண்டாள். வெளியே ஹாரன் அடித்தது. நானும் டிரைவரும் பெட்டிகளை ஏற்றினோம். ரயிலைப் பிடித்தோம், ஓடித்தான் பிடித்தோம். திரும்பி வந்தபோது மேனுவல் சார் போய்விட்டிருந்தார். பிளேயர்மேல் மேனுவல் இருந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்து ஓரத்தில், சிவப்புப் பென்சிலில், அச்சடித்தது போன்ற எழுத்து: "சந்தனம் குங்குமம் காய்ந்திருந்தால்: கொதித்து ஆறிய தண்ணீர், பழைய பனியன். பத்து நிமிடம் பொறுக்கவும். அதுவரை வீட்டில் இருப்பவர்களை உட்காரச் சொல்லவும்." பக்கத்தில் ஒரு டிக்.

மறுநாளே அந்த வீடியோவை நாலு இடத்தில் நகல் எடுத்து வைத்தோம். பிளேயரை அப்புறம் ஒருநாள் பழைய சாமான்காரரிடம் போட்டாயிற்று. மேனுவலைப் போடவில்லை.

சார் இப்போது கோயம்புத்தூரில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் சரியில்லை, எழுத்து தெரிவதில்லையாம். போன வாரம் எங்கள் வீட்டுக்குப் புது மிக்ஸி வந்தது. சுமதி தேங்காயைத் துருவி வைத்துக்கொண்டு நிற்க, நான் அவருக்குப் போன் போட்டேன்.

"பென்சில் எடுத்துக்கிட்டீங்களா?" என்றார்.

"எடுத்துக்கிட்டேன் சார்."

முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரிக்கும் அந்தப் பக்கத்திலிருந்து "ம்" வந்தது. அன்றைக்குச் சட்னி அரைக்க மூன்று மணியாகிவிட்டது. அந்தப் புத்தகத்தில் இன்னும் நாலு பக்கம் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.