லவினா டீச்சரை நான் வரையவில்லை

காக்ஸ் டவுன்,
பெங்களூரு.

அன்பான தங்கை ஐரினுக்கு, அண்ணன் கில்பர்ட் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். முழங்கால் மட்டும் கிருபைக்கு வெளியே நிற்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை என்பதால் எழுதுகிறேன். உன் மகள் சோனியா போன வாரம் இங்கே வந்து, என் ஓவியத்தைப் படம் பிடித்து அனுப்பியதும், "இது நம்ம சர்ச் கொயர்ல பாடுற லவினா டீச்சர்தானே? இந்த வயசுல உனக்கு எதுக்குண்ணா இதெல்லாம்?" என்று கத்தினாய். நடந்தது வேறு.

உன் அண்ணி ஸ்டெல்லா கண்மூடிய நாளிலிருந்து, சாயங்காலமானால் வீட்டில் என் செருப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அதனால்தான் பேக்கரி மாடியில் ப்ரஹ்லாத் என்பவர் நடத்தும் ஆயில் பெயின்டிங் வகுப்பில் சேர்ந்தேன். ஆப்பிள், குடம் என்று ஏதாவது கொடுப்பார் என்று பார்த்தால், படகிலிருந்து இறங்கும் ஒரு வெள்ளைக்காரியின் கையை ஒரு வெள்ளைக்காரன் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைக் கொடுத்து, அதில் பென்சிலால் கட்டம் போட்டு, கேன்வாஸிலும் அதே மாதிரி போடச் சொன்னார். "அங்கிள், பொண்ணுன்னு நெனச்சா கை நடுங்கும். கட்டம் கட்டமா கலரை மட்டும் பாருங்க." நானும் அப்படியே பார்த்தேன். அந்த இரண்டு கைகளும் சேருகிற கட்டத்துக்கு மட்டும் வாரக்கணக்கில் ஆகிவிட்டது. "ஸாக்கு அங்கிள், போதும், அடுத்த கட்டத்துக்கு வாங்க" என்று கன்னடத்திலும் தமிழிலும் கெஞ்சினார். எனக்குத்தான் அதை விட்டு வர மனமில்லை.

ஆயில் பெயின்ட் லேசில் காயாது. வீட்டுக்குக் கொண்டுவந்து நாற்காலியில் கிடத்தியிருந்தேன். ஜெபம் பண்ண வந்த பாஸ்டர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது வெள்ளைக்காரியின் முகம் அவருடைய வெள்ளை பேன்ட்டில் இருந்தது. நான் டர்பென்டைன் துணியோடு பின்னால் ஓட, அவர் "வேணாம் பிரதர், வேணாம்" என்று முன்னால் ஓட, தெருவே வேடிக்கை பார்த்தது. அசல் படமோ அதற்குள் வகுப்பில் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. "மனசுல என்ன முகம் வருதோ அதைப் போடுங்க அங்கிள்" என்றார் ப்ரஹ்லாத். ஆகவே தப்பு அவருடையது.

பொதுவாக ஒரு பெண் முகம் போடத்தான் உட்கார்ந்தேன். காதோரம் கொஞ்சம் நரை வந்தது. பாட்டுப் புத்தகத்தில் நம்பர் தேடும்போது சாய்வதுபோல் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கொயரில் டீச்சர் எனக்கு முன்வரிசையில் நிற்கிறார். நான் என்ன, கண்ணை மூடிக்கொண்டா பாட முடியும்? அவங்க வராத ஞாயித்துக்கிழமை எனக்கு ராகம் பிடிபடாமப் போனது தொண்டைக்கட்டு. மழை வந்தா அவங்க கையில குடை இருக்கான்னு பாக்கிறது மனிதாபிமானம். அவங்களும் தனியாத்தானே இருக்காங்க? அவங்க வீட்டு வழியா நடக்கிறது டாக்டர் சொன்ன வாக்கிங். விளக்கு எரியுதான்னு ஒரு பார்வை, அவ்வளவுதான். இதுல வேற ஒண்ணும் இல்லைம்மா.

எனவே நாளைக் காலையிலேயே அந்த முகத்தை அழித்துவிட்டு, படகை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறேன். நீ நிம்மதியாகத் தூங்கு. மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம்.

உன் பிரியமுள்ள அண்ணன்,
கில்பர்ட்

பி.கு.: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் லவினா டீச்சரே வந்து நின்றார். சோனியா அனுப்பிய படம் அவருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. நேரே கேன்வாஸிடம் போய்க் குனிந்து பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "இது நான்தான், சரி. என் கையைப் புடிச்சிட்டு நிக்கிற இந்த ஆளு யாரு? முன்னப்பின்ன தெரியாதவன் கையை நான் ஏன் சார் புடிக்கணும்?" என்று கேட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அப்போதிலிருந்து வெள்ளைக்காரன் முகத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். மேலே எழுதியது எதையும் நீ படிக்க வேண்டாம். உன் கல்யாண ஆல்பத்தில் எனக்குத் தலைமுடி இருக்கிற ஃபோட்டோ ஒன்று இருக்குமே, அதை உடனே அனுப்பு.