போர் முடியும் வரை

மந்தாற்றின் இரண்டு கரையும் ஒரே நாடாக இருந்த காலம் ஒன்று உண்டு. பிறகு பங்காளிச் சண்டை முற்றிப் போரானது. அது எதற்காக வந்தது என்று சொல்ல இரு கரையிலும் தனித்தனிப் பாடநூல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தவர் எந்தக் கரையிலும் தேறியதில்லை.

மேல்கரையில் மாசிலாமணியார் என்றொரு வக்கீல் இருந்தார். எழுத்தில் ஓட்டை விடாதவர் என்று பெயரெடுத்தவர். அதனால் போர்ச் சட்டத்தை எழுதும் வேலை அவர் தலையில் விழுந்தது. படகுகளைக் கவிழ்த்து வைக்க வேண்டும், யாரும் அக்கரைக்குப் போகக் கூடாது என்று சபை கேட்டபடியே எழுதினார். மனசு கேட்காமல், ஒவ்வொரு பிரிவின் கடைசியிலும் ‘போர் முடியும் வரை’ என்று மூன்று சொல் சேர்த்தார். ஜனங்களுக்குத் தாம் செய்த பெரிய உபகாரம் அதுதான் என்று நம்பினார். வீட்டில் உட்கார்ந்து கொள்ளை லாபம் பார்க்கிறவன் நாளை நாற்காலியில் ஏறிவிடக் கூடாதே என்று இன்னொரு பிரிவும் வைத்தார்: போர் முடியும் வரை, படையில் இருப்பவர் மட்டுமே ஆளுநராகலாம்.

ஊரைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தான் நிழலில் இருக்கக் கூசி, அவரும் படையில் சேர்ந்தார். இரண்டாம் வருஷம் நடு ஆற்றில் தொடையில் குண்டு பட்டது. வேம்பையன் என்ற படகுக்காரச் சிப்பாய் அவரைத் தோளில் போட்டுக் கரை சேர்த்தான். மூன்றாம் வருஷம் இரு தரப்பிலும் வெடிமருந்து தீர்ந்து சண்டை நின்றது. ஜெயித்தவனும் இல்லை, தோற்றவனும் இல்லை. ஆகவே முடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட ஆளில்லை.

பதின்மூன்று வருஷம் ஓடிற்று. ஆளுநர்கள் வந்தார்கள், போனார்கள். ஒருவர் அக்கரையைப் பார்ப்பது உளவு என்றார். மீனவர்கள் ஆற்றுக்கு முதுகைக் காட்டி வலை வீசினார்கள். மீன் விலை ஏறியதும், அது எதிரியின் சதிதானா என்று ஆராய ஒரு குழு அமைந்தது. அடுத்தவர் கையசைப்பது சமிக்ஞை என்றார். அதற்கடுத்தவர், அக்கரைச் சொந்தத்தின் பெயரை உரக்கச் சொல்லி அழுவதைத் தடுத்தார். ஜனங்கள் மெதுவாக அழப் பழகிக்கொண்டார்கள். எல்லாம் போர் முடியும் வரைதானே?

கடைசியில் ‘படகு விடுவேன்’ என்று வாக்குக் கொடுத்து மாசிலாமணியாரே ஆளுநரானார். முதல் நாளே வேம்பையன் வந்து நின்றான். போருக்கு ஒரு மாதம் முன்னால்தான் மகள் சீதேவியை அக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தான். பேரப்பிள்ளைகள் இருப்பதாகக் கேள்வி.

“ஒரே ஒரு தடவ எம் பொண்ணப் பாத்துட்டு வந்துடறேங்க ஐயா. கண்ணுல பொர வளந்துக்கிட்டே வருது. இன்னும் ஆறு மாசம் போனா, போயும் பிரயோசனமில்ல.”

ஆளுநர் அப்போதே போர் முடிந்ததாகப் பிரகடனம் எழுதிக் கையெழுத்திட்டார். தலைமைச் செயலர் வல்லபேசர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார்.

“ஐயா அவர்கள் கையொப்பமிட்ட கணமே போர் முடிந்தது. படைப் பதவிகளும் போர் முடியும் வரைதான். ஆகவே ஐயா அவர்கள் படைவீரரல்ல, எனவே ஆளுநருமல்ல. ஆளுநரல்லாதவர் இட்ட கையொப்பம் செல்லாது. அது செல்லாததால் போர் தொடர்கிறது. அது தொடர்வதால் தாங்களே எங்கள் ஆளுநர்.”

சட்டத்தைத் திருத்தினால் என்ன என்று ஆளுநர் கேட்டார். போர்க்காலத்தில் போர்ச் சட்டத்தைத் தொடக் கூடாது என்கிறது பதினோராம் பிரிவு என்றார் வல்லபேசர்.

“இதை எழுதிய புண்ணியவான் யார்?”

“ஐயா அவர்கள்தான்.”

மாசிலாமணியாருக்குச் சிரிக்கவும் தெம்பில்லை. தோளில் தன்னைச் சுமந்தவனிடம் எந்த முகத்தோடு இதைச் சொல்வது என்று தவித்தார். வேறு வழியின்றி வேம்பையனைக் கூப்பிட்டுச் சொன்னார். அவன் ஒரு கேள்வி கேட்டான்.

“அப்ப போர் நடக்குதுன்னா, நான் இன்னும் ஒங்க படையாளுதானுங்களே. படையாளு ஆத்தத் தாண்டலாமா, கூடாதா?”

தாண்டலாம். எழுத்தில் ஆணையும், கையில் கொடியும் துப்பாக்கியும் இருந்தால், தாக்குதலுக்காகத் தாண்டலாம். பல வருஷம் கழித்து அந்தக் கிழட்டு வக்கீலின் முகத்தில் வெளிச்சம் வந்தது. ஒரே ஒரு சிப்பாய், ஒரே ஒரு பிற்பகல் அக்கரையைத் தாக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும் என்று ஆணை எழுதினார். வல்லபேசர் மறுபேச்சில்லாமல் முத்திரை வைத்தார். எதற்கும் ஒரு பிரிவைக் காட்டும் மனிதர் அன்று ஏன் காட்டவில்லை என்று ஆளுநர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கிடங்கிலிருந்து துருப்பிடித்த துப்பாக்கி ஒன்று வந்தது.

“இதுல மருந்து இருக்குங்களா?”

“இல்ல வேம்பையா.”

“நல்லதாப் போச்சு. புள்ளைங்க எடுத்து வெளையாடும்.”

மடியில் எள்ளுருண்டைப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு, கவிழ்ந்து கிடந்த படகை நிமிர்த்தி, அவன் துடுப்பைப் போட்டான். ஆளுநர் சட்டத்தை மீறிக் கரையில் நின்று பார்த்தார். படகு நடு ஆற்றைக் கடந்தது. அக்கரைக் காவலர்களுக்குப் பொட்டலம் தெரியவில்லை. கொடி தெரிந்தது, துப்பாக்கி தெரிந்தது. அவர்களுக்கும் ஒரு போர்ச் சட்டம் இருந்தது. வெடிமருந்தும் எப்போதோ வந்து சேர்ந்திருந்தது.

ஒரே ஒரு வெடிச் சத்தம். துடுப்பு போடுவார் இல்லாமல் படகு திரும்பி, நீரோட்டத்தோடு கீழே போயிற்று. மாசிலாமணியார் மணலில் உட்கார்ந்து, வேம்பையன் பெயரை உரக்கச் சொல்லி அழுதார். அதுவும் குற்றம்தான். யாரும் அவரைப் பிடிக்க வரவில்லை.

அவர் நொண்டியபடி மாளிகை திரும்பியபோது தெருவெங்கும் தப்பட்டை முழங்கிற்று. மேல்கரைக்காக உயிர்விட்ட வீரனுக்கும், அவனை ஏவிய ஆளுநருக்கும் ஜனங்கள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷம் மெதுவாக அழுதவர்கள்தான் அவர்கள். வாசலில் வல்லபேசர் மாலையோடு காத்திருந்தார்.

“வாழ்த்துகள், ஐயா. போர் முடிந்துவிட்டது என்று இனி எவனும் சொல்ல முடியாது.”