மார்ச் மாதப் பயனாளி

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். சிவகாசியில் ஓர் அச்சகத்தில், காலண்டருக்குத் தகரம் அடிக்கும் பிரிவில் சூப்பர்வைசர். (காலண்டர் தலையில் பளபளவென்று ஒரு பட்டை இருக்குமே, அதுதான்.) நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனிக்கு ஒரு தீபாவளி சமயத்தில் திடீரென்று சமூகத்தின் மேல் பாசம் பொங்கியது. சென்னையிலிருந்து வந்திருந்த எச்.ஆர். தம்பி எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்:

"தன்னார்வலர் தினம். விருப்பம் இருக்கறவங்க மட்டும் வந்தா போதும். வராதவங்க பேரை மட்டும் ஆபீஸ்ல கொடுத்துடுங்க."

எல்லோருக்கும் உடனே விருப்பம் வந்துவிட்டது.

அச்சங்குளத்தில் பட்டாசு வேலை செய்யும் பெண்களுக்குப் போர்வை கொடுப்பதாக ஏற்பாடு. எங்கள் ஊர் வெயிலில் போர்வை போர்த்தினால் ஆள் அவிந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. (நான் எதைத்தான் சொன்னேன்?) சேலைக்கு மேலே கம்பெனி டி-சர்ட்டை மாட்டிக்கொண்டு, தலையணை உறைக்குள் விழுந்த பூனை மாதிரி வேனில் ஏறினேன்.

ஊருக்குள் போனால் ஈ, காக்கை இல்லை. ஆடுகள் இருந்தன. கடை வைத்திருந்த ஒரு பெண் மட்டும் வெளியே வந்து எங்களை மேலும் கீழும் பார்த்தாள்.

"சீசன்ல யாரு வீட்ல இருப்பா? எல்லாரும் விடியமுன்ன பட்டாசுக் கம்பெனி வேன்ல ஏறிப் போயிட்டாக. ஞாயித்துக்கிழமை வந்திருக்கலாம்ல?"

"ஞாயிறு எங்களுக்கு லீவும்மா" என்றார் எச்.ஆர். தம்பி.

முதலாளி கார் வந்துகொண்டிருந்தது. போட்டோக்காரர் தயார். போர்வைகள் தயார். ஏழைகள் மட்டும்தான் வரவில்லை. தம்பி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றார்.

"அக்கா, உங்க முகத்துல இயல்பாவே ஒரு கஷ்டம் இருக்கு. டி-சர்ட்டை மட்டும் கழட்டிடுங்க."

கம்மலையும் கழற்றச் சொன்னார். கழற்றினேன். சோகமாகப் பார்க்கச் சொன்னார். காலையில் சாப்பிடாததால் அது தானாக வந்தது. முதலாளி போர்வையைக் கையில் வைத்துக் கனிவோடு கேட்டார்: "என்னம்மா வேலை பாக்கீக?"

"ஒங்க கம்பெனிலதான்யா" என்றேன்.

"நல்லது, நல்லது" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். படம் எடுத்ததும் போர்வையைத் திரும்ப வாங்கி அடுத்த ஏழைக்குக் கொடுத்தார்கள். (அவள் பில் போடும் பிரிவு.)

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வருடக் கடைசியில் கம்பெனியின் சொந்தக் காலண்டர் தகரம் அடிக்க வந்தது. என் கீழே வேலை பார்க்கும் பெண் ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"யக்கா, மார்ச் மாசம் நீதான்."

கலரில் நான். கீழே 'வறுமைக்கு ஒரு கைகொடுப்போம்'. அத்தனை காலண்டருக்கும் நானே நின்று தகரம் அடிக்க வைத்து அனுப்பினேன்.

அப்போது என் மகளுக்கு விருதுநகரில் வரன் பேசிக்கொண்டிருந்தோம். மிளகாய் வத்தல் மண்டிக்காரர்கள். 'பொண்ணோட அம்மா சூப்பர்வைசர்' என்பதைத்தான் என் வீட்டுக்காரர் அவர்களிடம் முதலில் சொல்லியிருந்தார். பையனும் என் மகளும் மனசு ஒத்துப்போய்விட்டார்கள். நிச்சயத்துக்கு நாள் குறிக்க, மகளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போனது மார்ச் மாதம்.

உள்ளே நுழைந்ததும் பார்த்தேன். நடுக்கூடத்துச் சுவரில் நான் தொங்கிக்கொண்டிருந்தேன். அவர்களுக்கு பில் புத்தகம் அடிப்பதே எங்கள் கம்பெனிதானாம்.

நேராகப் போய்ச் சுவரில் சாய்ந்து காலண்டரை முதுகால் மறைத்தேன்.

"உக்காருங்க மதினி" என்றார் பையனின் அம்மா.

"இருக்கட்டும், நின்னே பழக்கம்."

காபியை நின்றுகொண்டே குடித்தேன். பலகாரத்தையும் அப்படியே. என் மகள் என்னை முறைத்தாள். கடைசியில் அந்த அம்மா எழுந்து வந்தார்.

"செத்த தள்ளுங்க மதினி, நாள் பாக்கணும்."

"மார்ச் வேணாம், ஏப்ரல் பாப்போமே" என்று திரும்பி நானே தாளைத் தூக்கினேன். அவசரத்தில் தாள் கையை விட்டு நழுவிவிட்டது. மார்ச் தொப்பென்று விழுந்து எல்லோரையும் பார்த்தது.

அந்த அம்மா படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சூப்பர்வைசர்னு சொன்னீக?"

மகள் முகம் செத்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ வாய் வந்தது. வேன், ஆடு, கம்மல், திரும்பிப் போன போர்வை என்று ஒன்றுவிடாமல் கொட்டினேன்.

அந்த அம்மா தன் கணவர் பக்கம் திரும்பினார். "இவுகள கேளுங்க. மண்டிக்காரங்க சங்கத்துல இலவசக் கண் முகாம் நடத்துனாக. படம் எடுக்க நேரம் ஒரு ஆளு இல்ல. நல்லா இருந்த இவுக கண்ணுல பஞ்ச வச்சுக் கட்டி உக்கார வச்சுட்டாக. நோட்டீஸ்ல இன்னும் குருடராத்தான் இருக்காக."

மண்டிக்காரர் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார். முகத்தில் இயல்பாகவே ஒரு கஷ்டம் இருந்தது.

கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டுச் சீராக முதலில் என் கைக்கு வந்தது ஒரு போர்வை. மாப்பிள்ளை இன்றும் அந்தக் காலண்டரைக் கழற்றவில்லை; அந்த வீட்டில் இன்னும் மார்ச்தான். யார் வந்தாலும், "இவுகதான் எங்க அத்தை, பயனாளி" என்றுதான் அறிமுகம்.

நாள் குறித்த மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போனேன். அடுத்த தன்னார்வலர் தினத்துக்கு வராதவர்கள் பேரைக் கேட்டார்கள். என் பேரைக் கொடுத்துவிட்டுத் தகரம் அடிக்கப் போனேன்.