அரசு அங்கீகாரம் பெற்ற சண்டை

இத்தாலிய மொழி புத்தகத்தில் வராது, அன்றாட வாழ்க்கையில் புழங்கினால்தான் வரும் என்று எங்கள் லிகூரிய மாகாணச் சிற்றூரின் நகராட்சிக்கு ஞானம் பிறந்தது. மொழி கற்க வரும் வெளிநாட்டார் சந்துகளில் நடந்து, காதால் கேட்டே தேற வேண்டும். கேட்க என்ன இருக்கிறது என்று குழு போட்டு ஆராய்ந்தார்கள். எர்சீலியாவின் வாய் இருந்தது.

எர்சீலியா இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி நொரீனா விரிப்புகளைப் பிழியாமலே கொடியில் போடுவாள். அது இவளுடைய காய்ந்த துணிமேல் சொட்டும். ஜன்னலில் நின்று ஒரு மூச்சு திட்டி முடித்தால்தான் எர்சீலியாவுக்குக் காப்பி தொண்டையில் இறங்கும். வேறு சுகம் எதுவும் அவள் கேட்டதில்லை.

பண்பாட்டு அலுவலர் பெர்த்தோல்தி வந்தார். "உங்க சண்டையை அன்றாட மொழிவளமா அறிவிச்சிருக்கோம்மா. பத்து மணிக்குத் திட்டினாப் போதும்."

"துணி எட்டுக்கே சொட்டுதே ஐயா."

"கோபத்தை ரெண்டு மணி நேரம் அடக்கி வைங்க. மாணவர்கள் சாப்பிட்டு வரணும்ல?"

பத்து மணிக்குச் சந்து நிறைய நாற்காலிகள். "ஏண்டி, துணியப் பிழிய உனக்குக் கையில தெம்பில்லையா?" என்று எர்சீலியா ஆரம்பித்தாள்.

"நிதானம், நிதானம்," என்றார் பெர்த்தோல்தி கீழேயிருந்து. "அன்புள்ள அண்டை வீட்டாரேன்னு தொடங்குங்க."

"அன்புள்ள அண்டை வீட்டாரே, தங்கள் விரிப்பானது…"

மேலே நொரீனா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். இவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சரி போடி, இனிமே பிழிஞ்சே போடறேன்," என்றாள் நொரீனா.

முன் அனுமதியின்றிச் சமாதானமாகிப் பொதுவளத்துக்குச் சேதம் விளைவித்ததாக மறுநாளே இருவருக்கும் நோட்டீஸ் வந்தது. எர்சீலியாவை நீக்கிக் காலியான திட்டும் பணிக்கு, மொழிச் சான்றிதழ் உள்ளவர்கள் அழைக்கப்பட்டார்கள். மாணவி பிர்கிட்டாவிடம் இருந்தது. ஸ்வீடன்காரி, போன வருஷம்தான் வந்தவள்.

"நான் இங்கேயே பொறந்தவ ஐயா," என்றாள் எர்சீலியா.

"பிறந்ததுக்குத் தேர்வு எழுதினீங்களா?"

ஆக, எர்சீலியாவின் ஜன்னலில் நின்று பிர்கிட்டா பிசிறில்லாமல் திட்டினாள். எர்சீலியா கீழே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள். "என் வீட்ட விட்டு எறங்குடி, மாவு மூஞ்சி!" என்று எழுந்து கத்தியே விட்டாள். சந்தில் இருந்த அத்தனை ஜன்னலும் கைதட்டி, ஆளுக்கொரு வசவை எடுத்துக் கொடுத்தன.

பெர்த்தோல்தி முகம் வெளுத்துவிட்டது. அத்தனையும் கொச்சை. தேர்வில் தேறும்வரை யாரும் ஜன்னல் வழியே பேசக்கூடாது என்று வீட்டுக்கு வீடு உத்தரவு வந்தது. பாடம் எடுப்பது பிர்கிட்டா.

எர்சீலியாவுக்கு ரத்தம் கொதித்தது. கை கொட்டினவர்கள் துணைக்கு வருவார்கள் என்ற தைரியத்தில் ஜன்னலைப் படாரென்று திறந்தாள்.

"எல்லாரும் வெளிய வாங்க. நம்ம வாயை அடைக்க இவங்க யாரு?"

எதிர்வீட்டுக் கறிக்கடைக்காரர் உதட்டில் விரல் வைத்தார். பக்கத்து ஜன்னல் ஒன்று மெல்லச் சாத்திக்கொண்டது. மேலேயிருந்து நொரீனா கிசுகிசுத்தாள்: "சத்தம் போடாதடி, படிச்சிட்டிருக்கோம். நாளைக்குப் பரீட்சை."

எர்சீலியா சந்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எதுவரைக்கும் படிக்கணும்?"