என் பண்ணை ஈக்களைக் குறைசொல்ல ஆள் கிடைக்காதது பற்றி

மரியாதைக்குரிய மச்சான் அருள்குமார் அவர்களுக்கு, பல்லடத்திலிருந்து கிருபாசங்கர் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை கீதா, மகள் வர்ஷினி, ஷெட்டில் உள்ள கோழிகள் எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். தாராபுரத்தில் நீங்கள், அக்கா, உங்கள் கோழிகள் எல்லோரும் அவ்விதமே இருக்க அம்மன் துணை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத் தீவனக்கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்க வைப்பீர்கள், அதனால்தான். உடம்பு நன்றாக இருக்கிறதே தவிர, மனசு ஒரு நிலையில் இல்லை மச்சான்.

நம் வர்ஷினி கோவையில் கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுப்பது உங்களுக்குத் தெரியும். அவளுக்கு இப்போது ஒரு ஃபெல்லோஷிப் கிடைத்திருக்கிறது. பாடம் நடத்துகிறவர்களைக் கொஞ்ச காலம் அரசாங்கத்தின் சுற்றுச்சூழல் துறையில் உட்கார வைப்பார்களாம். துறையில் காற்றை அளக்க ஆள் இருக்கிறது, தண்ணீரை அளக்க ஆள் இருக்கிறது, ஜனங்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்று கேட்டு எழுத மட்டும் ஆள் இல்லையாம், அந்த ஆள் இவள். நான் இதை முழுசாகப் புரிந்துகொள்ளும் முன்பே ஒரு கல்யாண மண்டபத்தில் என் மகள் சுற்றுச்சூழல் ஆபீசர் ஆகிவிட்டாள் என்று பந்தி முழுக்கச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து நம் பண்ணைக்காரர்கள் என்னைப் பார்த்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். அதுகூடப் போகட்டும். அவளுக்குக் கொடுத்த வேலை என்னவென்று கேளுங்கள். கோழிப்பண்ணைக்கும் வீடுகளுக்கும் எவ்வளவு தூரம் வேண்டும், எருவை எப்போது அள்ள வேண்டும் என்று புதிதாக விதி எழுதப் போகிறார்களாம், அதற்கு முன்னால் பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் கஷ்டத்தை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவுசெய்ய வேண்டுமாம். ஜில்லாவில் எத்தனையோ ஊர் இருக்க, இவள் நம் பண்ணைக்குக் கிழக்கே இருக்கிற காலனியைப் பிடித்துக்கொண்டாள். "நம்ம ஊரு ஜனம்ப்பா, எங்கிட்ட மனசு விட்டுப் பேசுவாங்க" என்றாள். நம் பண்ணை ஈக்களைப் பற்றி அவர்கள் மனசு விட்டுப் பேசினால் பண்ணையை மூட வேண்டியதுதான் என்று நான் அப்போதே கணக்குப் போட்டேன்.

ஆனால் நடந்தது வேறு. முதலில் மயிலாத்தாள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். அந்தம்மா முன்பு நம் பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தது, இப்போது மகன் பனியன் கம்பெனிக்குப் போகிறான், வீட்டோடு இருக்கிறது. வர்ஷினியை உட்கார வைத்துக் காபி கொடுத்து, டம்ளர் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, ஒரு கையால் துண்டை விசிறிக்கொண்டே பேசியிருக்கிறது. இவள் ஈத்தொல்லை பற்றிக் கேட்டதற்கு, "ஈயா? அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க அம்மணி. நீங்க தட்டைத் தொறந்த கையோட குடிச்சுப்போடுங்க" என்று பதில். அடுத்த வீட்டிலும் அப்படியே. கொசுவலைக்குள் உட்கார்ந்து பகலில் சாப்பிடுகிற ஒரு பெரியவர், காற்றுக்காகத்தான் வலை கட்டியிருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வீடு தேடி வந்த பிள்ளையின் மனது நோகும்படி நம் பக்கத்தில் யார் பேசுவார்கள்? பேச மாட்டார்கள் என்று தெரிந்ததும் நான் சந்தோஷமாக இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

சந்தோஷம் அன்றைக்கே போயிற்று. துறையில் இவளுக்கு மேலே இருக்கிற ஆல்வின் சார் போனில் பேசினார். கஷ்டம் இருப்பதாக யாருமே சொல்லவில்லை என்றால் கஷ்டம் இல்லை என்றுதான் எழுத வேண்டிவரும், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் ஒரு வாக்குமூலமாவது வராவிட்டால் ஃபெல்லோஷிப்பை மேற்கொண்டு நீட்டிக்கச் சொல்லித் தன்னால் கேட்க முடியாது என்றாராம். பிள்ளை தட்டில் கை வைக்கவில்லை. நான் போய்ச் சமாதானம் சொன்னபோது, "நான் உங்க பொண்ணுங்கறதுனாலதான்ப்பா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்கறாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது மச்சான். அவளைப் படிக்க வைத்ததும் இந்தப் பண்ணைதான், இப்போது அவள் படிப்புக்குக் குறுக்கே நிற்பதும் இதுதான் என்றால் நான் எந்தப் பக்கம் நிற்பது?

கடைசியில் நானே காலனிக்குப் போய் வீடு வீடாக என் மேல் குறை சொல்லும்படி கேட்டேன். சிரிக்காதீர்கள். என்னைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள், தாங்கள் ஏதாவது தப்புச் செய்துவிட்டோமா என்று பதறினார்கள். கூச்சப்படாமல் நாலு வார்த்தை கெட்டதாகச் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சக் கெஞ்ச, பண்ணை வந்த பிறகுதான் ஊருக்கு நல்ல ரோடு வந்தது என்று என்னைப் புகழ்கிறார்கள். புகார் கேட்கப் போனவன் ஒரு பை முருங்கைக்காயோடு திரும்பினேன். மயிலாத்தாள் மட்டும் வாசல் வரை வந்து, "நீங்க எங்களுக்கு மாமன் மச்சானா இருந்தா வாய் நெறையத் திட்டியிருப்பமுங்க. அப்படியில்லீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

ஆக, அவர்கள் பேசாவிட்டால் மகள் வேலை போகிறது, பேசினால் என் பண்ணை போகிறது. எனக்குத் தெரிந்த ஒரே வழி நீங்கள்தான். தாய்மாமன் சொல்லை அவள் தட்ட மாட்டாள். வியாழக்கிழமை புறப்பட்டு வந்து, இந்த ஈ ஆராய்ச்சியை விட்டுவிட்டுக் கோவையிலேயே இருக்கிற சிங்காநல்லூர்க் குளத்தை ஆராயும்படி அவளுக்குப் புத்தி சொல்லுங்கள். குளத்தில் என்ன கலக்கிறது என்று ஊரே பேசும், அதில் நமக்கு ஒரு பங்கும் இல்லை. நீங்கள் வந்தால் நாட்டுக்கோழி அடிக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். குழந்தைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். உங்கள் வரவையே எதிர்பார்த்துக் கண் பூத்திருக்கும்,
கிருபாசங்கர்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனவன் மயிலாத்தாள் சொன்னதையே நினைத்துக்கொண்டு திண்டாடி, நேராக வர்ஷினியிடம் போய் ரெக்கார்டரைப் போடச் சொன்னேன். முதல் வாக்குமூலம் நான் கொடுத்துவிட்டேன் மச்சான். உங்கள் பண்ணை மேல். போன தைமாதம் உங்கள் வீட்டு விருந்தில் ரசத்தில் கிடந்ததைக் கடுகு என்று நினைத்துக்கொண்டு நான் விழுங்கியது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, அந்த உரிமை காலனியில் யாருக்கும் இல்லாமல் போனதுதான் வினை. பிள்ளை சிரித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். பிறகு, "நம்ம பண்ணையப் பத்தி யாருப்பா சொல்லுவாங்க?" என்று கேட்டாள். "உங்க மாமன் வாராரு கண்ணு" என்றேன். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடுங்கள், குளமும் வேண்டாம், புத்தியும் சொல்ல வேண்டாம். வியாழக்கிழமை நேராக மயிலாத்தாள் வாசலுக்கு வந்து, நாலு பேர் கேட்க என்னைத் திட்டுங்கள். நீங்கள் ஆரம்பித்துக் கொடுத்தால் மற்றவர்கள் தொடர்வார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் வாருங்கள். அந்தம்மா காபி கொடுக்கும், டம்ளர் மேல் தட்டு இருக்கும். அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள்.